மாவுத் தொட்டியில் ஏழு துப்பாக்கிகள்

என் முன்பல் இரண்டும் போனது என் வீட்டுச் சமையலறையில்தான். கேட்டவர்களிடமெல்லாம் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் மலையில் அதைச் சந்தேகப்பட ஆளில்லை. வாரத்தில் ஐந்து நாள் மழை, வழுக்கும் மண், முதுகில் கூடை. விழாத பெண் யார் இருக்கிறாள். நடந்தது வேறு. அந்த நாளில் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இருவரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் குல்சும். கீழ் வீட்டு இல்யாஸின் மகள். பத்தொன்பது வயதில் மேல் வீட்டு ஓஸ்மானின் இரண்டாவது மகன் இத்ரிஸுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்த வீட்டில் சேவல் கூவினால் புகுந்த வீட்டில் கேட்கும், அவ்வளவு பக்கம். மேல் வீட்டார் பறிக்கும் இலை மூட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கீழே சாலைக்கு இறங்கும். அந்தக் கம்பியைத் தாங்கும் இரும்புக் கம்பம் ஒன்று என் அப்பாவின் தோட்டத்தில் நின்றது. தாத்தா காலத்தில் வெறும் வாய்ப்பேச்சில் நட்டது. என் அண்ணன் செலிம் அந்த இடத்தில் வீடு கட்ட ஆசைப்பட்டான். கம்பத்தைப் பிடுங்குங்கள் என்றான். மேல் வீட்டார் முடியாது என்றார்கள். ஒரு வருடம் முறைப்பும் வசவுமாகப் போனது. என் அப்பா வீட்டு நாயை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள். மேல் வீட்டு வைக்கோல் போரில் யாரோ தீ வைத்தார்கள்.

மே மாதம், முதல் பறிப்பு. ஒரு காலை என் அண்ணன் செலிமும் தம்பி ஹாருனும் கடப்பாரையோடு கம்பத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். நான் ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். பிறகு இரண்டு வெடி. கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினேன். இத்ரிஸின் அண்ணன் முஹர்ரெம் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். கழுத்திலும் நெஞ்சிலும் ஓட்டை. கழுத்திலிருந்து வந்த இரத்தம் இலை மேல் விழுந்து விழுந்து சொட்டியது. செலிம் துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றான். ஹாருனின் தோளில் அரிவாள் வெட்டு. அவர்களின் கடைசித் தம்பி யாகூப் மேலேயிருந்து ஓடி வருவது போல வந்து அண்ணன் மேல் விழுந்து அழுதான்.

யாகூப்தான் முதலில் அரிவாளோடு வந்து வெட்டினான் என்று என் தம்பி சொன்னான். தான் மேலே மூட்டை கட்டிக்கொண்டிருந்ததாகவும், வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்றும் யாகூப் சொன்னான். தோளில் வெட்டியது முஹர்ரெம் என்றே மேல் வீட்டில் முடிவாயிற்று. செத்தவர் வந்து சொல்லவா போகிறார். செலிமைக் கிராமப் போலீஸான ஜெண்டர்மா பிடித்துக்கொண்டு போனது.

அன்று மாலை மாமனார் ஓஸ்மான் என்னைக் கூந்தலைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார். கைத்தடியால் முதுகு, கை, விலா என்று பார்க்காமல் அடித்தார். இத்ரிஸ் கதவில் சாய்ந்து நின்றார். முஹர்ரெமின் மனைவி ஹஜெர் ஜன்னலில் நின்று பார்த்தாள். அழவுமில்லை, தடுக்கவுமில்லை. அடித்து ஓய்ந்ததும் மாமனார் சொன்னது இதுதான்.

"இவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பாதீங்க. அங்க போனா நிம்மதியா இருப்பா. இங்கேயே கெடக்கட்டும்."

கிடந்தேன். அடுத்த இலையுதிர் காலத்தில் இத்ரிஸும் யாகூப்பும் ஓடைப் பாலத்தில் காத்திருந்து ஹாருனின் முழங்காலில் சுட்டார்கள். செத்திருக்க வேண்டியவன், தண்ணீரில் விழுந்ததால் பிழைத்தான். அன்று இத்ரிஸ் போட்டு வந்த சட்டையை நான்தான் துவைத்தேன். என் தம்பியின் இரத்தம். குளிர்ந்த தண்ணீரில் போட்டால்தான் போகும். சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை.

ஹஜெர் இரண்டு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. அவள் தேநீர் போடுவாள், நான் கிளாஸ் கழுவுவேன். அடியில் பெரிய கெட்டில், அதன் தலையில் சின்னது. பெரியதில் தண்ணீர் கொதிக்கும். அந்த ஆவியில் சின்னதிலிருக்கும் இலை சூடேறும். பிறகு கொதிநீரை இலை மேல் ஊற்றி, தீயைக் குறைத்து, கால் மணி நேரம் தொடாமல் விட வேண்டும். ஹஜெர் அடுப்பைத் தொட்டால் அந்தப் பக்கம் நான் போகக்கூடாது. இடுப்புச் சிறுத்த அந்தக் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். முயல் இரத்தம் என்று நாங்கள் சொல்லும் சிவப்பு வந்திருந்தால் தட்டில் வைப்பாள். வராவிட்டால் கீழே கொட்டிவிட்டுக் கிளாஸை என் பக்கம் தள்ளுவாள். எனக்கும் அவளுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் இரண்டு வீட்டிலும் கீழ்ச்சரிவில் இலை முற்றி வீணாயிற்று. அந்தப் பக்கம் போனால் குண்டு வருமோ என்று பயம். ஊர் இமாம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தார். முதலில் மாமனார் அவரை நாயை விட்டு விரட்டினார். கடைசியில், அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் தொழுகைக்குப் பிறகு மேல் வீட்டில் சமாதானம் பேசுவது என்று முடிவாயிற்று. இமாம் ஒரு ஏற்பாடு சொன்னார். முதல் கிளாஸ் தேநீரை ஹஜெர் தன் கையால் என் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும். அவர் அதைக் குடித்தால் இரத்தம் மன்னிக்கப்பட்டது. இரண்டாவது கிளாஸ் வரும்போது அவரவர் மனதில் இருப்பதைச் சொல்லலாம். மூன்றாவது கிளாஸோடு கை குலுக்கிப் போய்விட வேண்டும்.

எட்டு ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கீழ் வீட்டிலிருந்து அப்பா இல்யாஸ், ஊன்றுகோலோடு ஹாருன், சித்தப்பா இருவர். எங்கள் பக்கம் மாமனார், இத்ரிஸ், யாகூப், ஒரு பங்காளி. நடுவில் இமாமும் ஊர்த்தலைவரும். இமாம் வாசலிலேயே துப்பாக்கிகளை வாங்கினார். அப்பாவிடம் இல்லை, மற்ற ஏழு பேரிடமும் இருந்தது. ஏழையும் சமையலறைக்குக் கொண்டுவந்து, ரொட்டி மாவு பிசையும் மரத்தொட்டியில் வைத்தார்.

"மேல துணியப் போட்டு மூடுங்க. எந்த ஆம்பள வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. நான் கேட்டாலும் குடுக்காதீங்க, பேச்சு முடியற வரைக்கும்."

ஹஜெர் தலையாட்டினாள். நான் துணியால் மூடினேன்.

ஹஜெர் பத்து கிளாஸையும் நிரப்பினாள். பாதிக்குக் குறைவாக டிகாஷன், மேலே கொதிநீர், உதடு வைக்க விளிம்பில் ஒரு விரல் இடம். தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் கதவு இடுக்கில் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றார். கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினார். ஹஜெர் அவர் உட்காரும்வரை நகராமல் நின்றாள். அப்பா சர்க்கரை போடாமல், சூடு பார்க்காமல், மூன்று மிடறில் குடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். சூட்டினாலா வேறெதனாலா தெரியாது. இமாம் ஆமீன் என்றார்.

ஹஜெர் உள்ளே வந்து தட்டைப் பாத்திரம் கழுவும் கல் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள். பிறகு பழைய இலையைக் கொட்டிவிட்டு, இரண்டாவது சுற்றுக்குப் புது இலை போட்டாள். பெரிய கெட்டிலில் தண்ணீரை நிரப்பி விறகைத் தள்ளினாள்.

முன்னறையில் ஹாருனின் குரல் கேட்டது.

"மன்னிப்பெல்லாம் சரி. ஆனா ஒரு விஷயம் இங்க பேசியே ஆகணும். முதல்ல அருவாளத் தூக்கினது யாருன்னு எதிர்ல உக்காந்திருக்கறவனையே கேளுங்க."

"என்னடா சொல்ற?" இது மாமனார்.

"பொறுங்க, பொறுங்க," என்றார் இமாம். "ரெண்டாவது கிளாஸ் வரட்டும். அப்பக் கேக்கலாம். அதுவரைக்கும் நான் ஓதறேன். எல்லாரும் வாய மூடிட்டுக் கேளுங்க."

அவர் நீளமாக ஓத ஆரம்பித்தார். அதே நேரம் மழையும் வலுத்தது. எங்கள் கூரை தகரம். பெரிய மழை பெய்தால் அடுத்தவர் பேசுவது காதில் விழாது.

சமையலறைக் கதவு திறந்தது. யாகூப்.

"சக்கரை தீந்துபோச்சு அண்ணி."

சர்க்கரைக் கிண்ணத்தை அரை மணிக்கு முன்புதான் நான் விளிம்பு வரை நிரப்பி அனுப்பியிருந்தேன். அவன் குதிகாலால் கதவை மூடினான். கண் மாவுத் தொட்டியைத் தேடியது.

"சக்கரை அலமாரில இருக்கு தம்பி. அங்க இல்ல."

"தெரியும். நகருங்க."

நான் தொட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நகருங்க அண்ணி. உங்க அப்பன ஒண்ணும் பண்ண மாட்டேன். நொண்டிய மட்டுந்தான். அவன் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி."

"அவன் என் தம்பிடா."

"அதனாலதான் மரியாதையா சொல்லிட்டிருக்கேன்."

அடுத்த நிமிடம் என் முக்காட்டோடு சேர்த்து முடியைக் கொத்தாகப் பிடித்தான். தூக்கினான். என் முகத்தைக் கல் தொட்டியின் விளிம்பில் ஒரே அடி. வாய்க்குள் ஏதோ நொறுங்கியது. நாக்கில் இரத்தமும் பல்லும் சேர்ந்து கிடந்தன. கத்த வாய் திறந்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏழு ஆண்கள் ஒரே கதவு வழியாக உள்ளே பாய்ந்திருப்பார்கள். ஏழு துப்பாக்கியும் அங்கேயே இருந்தது. அவனுக்கும் கத்த முடியாது. அப்பன் காதில் விழுந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்பார். ஆக, இரண்டு பேரும் ஊமைகள் போலச் சண்டை போட்டோம்.

மாவுத் தொட்டிக்குள் போன அவன் கையை நான் மீதிப் பற்களால் கடித்தேன். எலும்பு தட்டும்வரை கடித்தேன். மறு கையால் என் காதில் குத்தினான். விழுந்தேன். என் நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டே துணிக்கு அடியில் துழாவினான். எலும்புப் பிடி போட்ட அவனுடைய துப்பாக்கி மாவு அப்பிக்கொண்டு வெளியே வந்தது. நான் குழலை இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் என் சுண்டு விரலைப் பிரித்துப் பின்பக்கமாக மடக்கினான். அது முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அந்த மழையிலும். குழலை விடவில்லை.

இவ்வளவுக்கும் ஹஜெர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்ன கெட்டிலில் இலை மேல் கொதிநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூடியைப் போட்டாள். பிறகு பெரிய கெட்டிலை இரண்டு கைகளாலும் அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு திரும்பினாள். தண்ணீர் இன்னும் உள்ளே குமுறிக்கொண்டிருந்தது. அவள் என் தலைமாட்டில் வந்து நின்றாள். கீழே நான், மேலே அவன். என் அண்ணன் அவள் புருஷனைக் கொன்றவன். இவனோ அவள் புருஷனின் தம்பி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அவன் கைமேல் ஊற்றினாள். கிளாஸ் நிரப்புகிற அதே நிதானம். துப்பாக்கி பிடித்த கை, மணிக்கட்டு, முழங்கை வரை. என் விரல்களிலும் தெறித்தது. யாகூப் தன் தோளைத் தானே கடித்துக்கொண்டு உறுமினான். துப்பாக்கி துணிமேல் விழுந்தது. ஹஜெர் இன்னும் கொஞ்சம் அவன் பிடரியில் ஊற்றினாள்.

அவன் அப்படியே எழுந்து அவள்மேல் பாய்ந்தான். நல்ல கையால் அவள் கழுத்தைப் பிடித்து அடுப்பின் பக்கம் தள்ளினான். கெட்டில் கீழே விழாமல் அவள் அதை அடுப்புமேல் வைத்ததை நான் பார்த்தேன். பாவாடை ஓரம் கருகும் வாசனை வந்தது. அவள் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. நான் விறகுப் பெட்டியிலிருந்து ஒரு வாதுமைக் கட்டையை எடுத்தேன். முதலில் முழங்காலின் பின்பக்கம் ஓர் அடி. அவன் மண்டியிட்டான். பிறகு காதுக்கு மேல். இரண்டாவது அடி தேவையே இல்லை. ஆனால் அடித்தேன். முற்றத்தில் வாங்கியது, பாலத்தில் ஹாருன் வாங்கியது எல்லாம் என் கைக்குள் வந்திருந்தது. மூன்றாவது முறை ஓங்கியபோது ஹஜெர் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் குப்புறக் கிடந்தான். காதிலிருந்து இரத்தம் மாவில் கலந்து கூழாகிக்கொண்டிருந்தது. மூச்சு வந்தது. தேயிலைக் கூடையின் பட்டையை அவிழ்த்து, அவன் கைகளைப் பின்னால் கட்டினோம். வாயில் பாத்திரம் துடைக்கும் துணியை அடைத்தோம்.

முன்னறையில் ஓதுவது நின்றது. மாமனார் குரல் கொடுத்தார்.

"டீ என்னாச்சு, எங்கயாவது போய்ப் பறிச்சிட்டு வர்றீங்களா?"

"இந்தா வருது மாமா," என்றாள் ஹஜெர். தொண்டை கரகரத்தது. பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு வருடம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"தண்ணி பத்தாது. டிகாஷன தூக்கலா விடு. மொகத்தக் கழுவு."

அவள் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தன. பாவாடை ஓரம் கருகியிருந்தது. அந்தக் கோலத்தில் அவளால் முன்னறைக்குப் போக முடியாது. நான் வாயைக் கொப்பளித்தேன். ஈறில் துணிக்கிழிசலை அடைத்துக்கொண்டு, முக்காட்டை மூக்கு வரை இழுத்து மூடினேன். வயதான ஆண்கள் முன் எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படி மூடுவதுண்டு. முறிந்த விரலைத் தட்டுக்கு அடியில் மறைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். பத்து கிளாஸ். கறுப்புக்குப் பக்கத்தில் போன சிவப்பு.

மாமனாருக்கு முதலில். அவர் கிளாஸைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன இவ்வளவு கறுப்பா இருக்கு? யாகூப் எங்க?"

"பசு கன்னு போடற மாதிரி இருக்கு மாமா. கொட்டிலுக்குப் போயிருக்கான்."

துணிக்குள்ளிருந்து பேசியது குழறலாகத்தான் வந்திருக்கும். இத்ரிஸ் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது அப்பா. அவர் முன் குனிந்தபோது முக்காட்டின் ஓரத்தில் ஊறியிருந்த இரத்தம் ஒரு சொட்டு அவர் சாஸரில் விழுந்தது. சர்க்கரைக் கட்டி அதை உறிஞ்சியது. அப்பா சாஸரைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பக்கத்தில் ஹாருனும் பார்த்துவிட்டான். ஊன்றுகோலை ஊன்றி எழப்போனான். அப்பா அவன் தொடையில் கையை வைத்து அழுத்தினார். அந்தச் சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கிளாஸில் போட்டுக் கலக்கினார். குடித்தார்.

"நல்லா இருக்கும்மா," என்றார்.

நான் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கதவருகே நின்றேன். இமாம் தொண்டையைச் செருமினார்.

"சரி ஹாருன். ஏதோ கேக்கணும்னியே."

ஹாருன் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"கேக்க ஒண்ணுமில்ல. யாரு முதல்ல, யாரு பின்னாலன்னு பேசினா இன்னும் ரெண்டு பேரு போவாங்க. ஓஸ்மான், உன் பையன் செத்தது என் பையன் கையால. அதுக்கு மேல எனக்குப் பேச வாயில்ல. கம்பத்த நாங்களே திரும்ப நட்டுத்தரோம்."

மாமனார் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார். இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் அழுதார். மூன்றாவது கிளாஸ் போட யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

துப்பாக்கிகளை எடுக்க இமாம் சமையலறைக்கு வந்தார். தரையில் கிடந்தவனைப் பார்த்து அப்படியே நின்றார். கதவை மூடிவிட்டுக் கேட்டார்.

"உசுரு இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஹஜெர்.

"உங்க ரெண்டு பேருக்கும்?"

ஹஜெர் கழுத்தை மறைத்து ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். அவர் நனைந்த துப்பாக்கியை எடுத்துத் தன் அங்கிக்குள் போட்டுக்கொண்டார். மற்ற ஆறையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். வெளியே போகும்போது அப்பா சமையலறைக் கதவோரம் நின்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"குல்சும், வீட்டுக்கு வர்றியாம்மா?"

"இல்லப்பா. வேல கெடக்கு."

அவர்கள் மழையில் இறங்கிப் போனதும் மாமனாரும் இத்ரிஸும் உள்ளே வந்தார்கள். ஹஜெர் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். என் முக்காட்டையும் அவளே இறக்கிக் காட்டினாள். பிறகு நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்.

"மாமா, அன்னிக்கு முதல்ல வெட்டினது இவன். மூட்ட கட்டவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அருவாளோட கீழ ஓடி ஹாருனத் தோள்ல வெட்டினான். உங்க மூத்தவர் வெறுங்கையோட ஓடிப்போய்த் தடுத்தாரு. செலிம் துப்பாக்கிய எடுத்ததும் இவன் இலை மூட்டைக்குப் பின்னாடி படுத்துக்கிட்டான். குண்டு அவருக்குப் பட்டுது. நான் மேல் வரிசைல இருந்து எல்லாத்தையும் பாத்தேன்."

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?" மாமனார் கேட்டார்.

"சொல்லியிருந்தா இவனக் கொன்னிருப்பீங்க. ஒரு மாசத்துல ஒரு வீட்டுல எத்தன பேரத் தூக்கறது."

மாமனார் யாகூப்பின் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினார்.

"உண்மையா?"

அவன் வெந்த கையை வயிற்றோடு அணைத்தபடி சுருண்டு கிடந்தான். "எனக்கு அப்ப இருபது வயசுப்பா," என்றான்.

கைத்தடியால் மாமனார் அவனை அடித்த அடி, என்னை அடித்ததைப் போல இல்லை. என்னை அடித்தபோது வாயில் வசவு இருந்தது. இப்போது ஒரு வார்த்தை இல்லை. தடி முறிந்தது. முறிந்த துண்டாலும் அடித்தார். இத்ரிஸ் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தபோது, கிழவர் தன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். நெற்றி பிளந்தது. நானும் ஹஜெரும் மாவு ஒட்டிய கைகளோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை மினிபஸ்ஸில் யாகூப் ஊரை விட்டுப் போனான். கையில் மூன்று விரல் பிறகு விரியவே இல்லையாம். சோங்குல்தாக் நகரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து வாசலில் காவலாளியாக இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அப்பன் சாவுக்கும் வரவில்லை.

சமாதானம் பேசிய அன்று மாலை தரையைச் சுரண்டிக் கழுவும்போது ஹஜெரிடம் கேட்டேன்.

"அக்கா, ஏன் என்மேல ஊத்தல?"

"உன்மேல ஊத்தலாம்னுதான் எடுத்தேன்," என்றாள். கழுவுவதை நிறுத்தவில்லை. "கிட்ட வந்து பாத்தா அவன் மொகம் தெரிஞ்சுது. அன்னிக்கு மூட்டைக்குப் பின்னாடி பாத்த அதே மொகம்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசினாள். உப்பு எங்கே, மழை நிற்குமா என்கிற மாதிரி.

குளிர்காலம் முடிந்து ஒரு நாள், செலிமைப் பார்க்க வேண்டும் என்றாள். இரண்டு பேரும் பஸ் பிடித்து டிராப்ஸோனுக்குப் போனோம். சிறையில் இரட்டைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவன், அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஹஜெர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொடுத்த பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அவனைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீ சுடறதுக்கு முன்னாடி அவர் ஏதோ சொன்னாரு. வாய் அசைஞ்சுது, எனக்குக் கேக்கல. என்ன சொன்னாரு?"

செலிம் தலையைக் குனிந்துகொண்டான். காவலர் நேரம் ஆயிற்று என்றார்.

"சொல்லு."

"'யாகூப் சின்னப் பையன், விட்டுரு'ன்னாரு."

ஹஜெர் எழுந்தாள். திடீரென்று கம்பி வலையில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வலை அதிர்ந்தது. விரல் கணுக்களில் தோல் பிய்ந்து இரத்தம் வந்தது. காவலர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். அதற்குள் அவள் தானாகவே திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் கைக்குட்டையை அவள் கையில் சுற்றிக் கட்டினேன். பஸ் ஓஃப் என்கிற ஊரைத் தாண்டியது. இடது பக்கம் கடல் நுரைத்துக்கொண்டே வந்தது. பிறகு, ஜன்னலைக் கொஞ்சம் திற என்றாள். திறந்தேன்.